உதவி நூலகராகப் போனால் எதையாவது மாற்ற விடுவார்களா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் சொல்லிப் பார்க்கிறேன். கலைப்பீடத்தில் சிறப்புப் பட்டம் முடித்திருக்கிறீர்கள். ஒரு வருடமாக யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகத்தில் தற்காலிக வேலை. பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் உதவி நூலகர் பதவிக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கிறீர்கள். மாமா, "புத்தகம் அடுக்கிற வேலைக்கு இவ்வளவு படிப்பு என்னத்துக்கு, விரிவுரையாளர் வேலை பார்" என்கிறார். சம்பளம், பதவி உயர்வு பற்றியெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசி வரியில், "உள்ளே போனால் எதையாவது மாற்ற விடுவார்களா, அல்லது கையெழுத்துப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதானா?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனதில் உண்மையில் கிடப்பது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே முன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதற்குத்தான் விரிவாகப் பதில் எழுதப் போகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை முதலில். இலங்கையில் பல்கலைக்கழக நூலகர் என்பவர் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி பல்கலைக்கழகத்தின் அலுவலர்களில் ஒருவர். துணைவேந்தர், பீடாதிபதிகள், பதிவாளர், நிதியாளர் என்று போகும் அதே வரிசையில் நூலகரும் வருகிறார். பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களைத் தீர்மானிக்கும் மூதவையில் அவருக்குப் பதவிவழி இடம் உண்டு. உதவி நூலகர், சிரேஷ்ட உதவி நூலகர், பிரதி நூலகர், நூலகர் என்பது ஏணி. தகுதிகாண் காலத்துக்குள் பட்டப்பின் படிப்பை முடித்தால்தான் பதவி உறுதியாகும். அதன் பிறகு மேலே போவதற்கு ஆய்வு, வெளியீடு எல்லாம் வேண்டும், விரிவுரையாளருக்கு வேண்டியது போலவே. மாமாவுக்கு இதை மட்டும் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன். சம்பள அளவும் பதவி உயர்வுக்கான புள்ளிகளும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகளால் அடிக்கடி மாறுகின்றன. அவற்றை என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களிடம் கேட்காதீர்கள். கடைசியாக வந்த சுற்றறிக்கையை எடுத்து நீங்களே வாசியுங்கள். பட்டப்பின் படிப்புக்குக் களனிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் துறை இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவனமும் இருக்கிறது. இரண்டுக்கும் யாழ்ப்பாணத்தில் இருந்து போய்வருவது களைப்பான வேலை. சிறு பிள்ளை உள்ள பெண்களுக்கு இன்னும் கஷ்டம். அதை இப்போதே வீட்டில் கதைத்து வையுங்கள்.

இனி உங்கள் கேள்வி. மாற்ற விடுவார்களா? நான் ஏறக்குறைய முப்பது வருடம் கல்விசார் நூலகங்களில் வேலை செய்தவள். என் அனுபவம் கலை, சமூக விஞ்ஞான நூல் தொகுப்புகளோடுதான். மருத்துவ நூலகம், பொறியியல் நூலகம் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அவற்றின் வேகம் வேறு. அந்த எல்லைக்குள் நின்று சொன்னால், மேலிடம் உங்களைத் தடுக்கும் என்று நீங்கள் பயப்படுவது பெரும்பாலும் தேவையில்லாத பயம். துணைவேந்தரோ பேரவையோ ஒரு உதவி நூலகர் அலுமாரியை எப்படி வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மாற்றம் சிக்கிக்கொள்ளும் இடம் இரவல் மேசை. அதிலும் யாழ்ப்பாணத்தில் அது சிக்கிக்கொள்வதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. நூலகவியல் பாடத்தில் அது வராது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

க. மு. செல்லப்பா 1933 இல் தன் வீட்டில் தொடங்கி வைத்த முயற்சியில் இருந்து வளர்ந்தது யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. இது உங்களுக்குத் தெரியாத செய்தி இல்லை, பிறந்ததில் இருந்தே கேட்டிருப்பீர்கள். ஆனால் அந்த நெருப்பு பக்கத்தில் இருந்த மற்ற நூலகங்களின் பழக்கத்தை என்ன செய்தது என்று யாரும் அதிகம் பேசுவதில்லை. எங்கள் தலைமுறை நூலகக்காரர்கள் எல்லோருக்கும் உள்ளே ஒரு பூட்டு விழுந்துவிட்டது. மிஞ்சியதைக் காப்பாற்ற வேண்டும், கைக்குக் கை மாறினால் போய்விடும், அரிய நூலை அலுமாரிக்குள் வைத்துத் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு ஷெல்லடி, மின்சாரம் இல்லாத வருடங்கள், 1995 ஒக்டோபர் 30 இல் போருக்குப் பயந்து யாழ்ப்பாண நகரை அடுத்த வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து போனது என்று ஒவ்வொன்றும் அந்தப் பூட்டை இன்னும் இறுக்கின. புதிதாக வரும் இளம் உதவி நூலகர் இதைப் பார்த்துவிட்டு, "இவர்கள் சோம்பேறிகள், பழமைவாதிகள்" என்று நினைத்துக்கொள்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது துக்கம் என்று விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது.

நான் வேலை செய்த ஒரு நூலகத்தில், பெயர் வேண்டாம், உள்ளூர் வெளியீடுகள் எல்லாம் ஒரு பூட்டிய அறையில் இருந்தன. மாணவர் ஒரு துண்டில் தலைப்பை எழுதிக் கொடுத்தால், மூத்த நூலக உதவியாளர் ஒருவர் உள்ளே போய் எடுத்து வருவார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றே கூப்பிடுவோம். தலைப்புத் தெரியாத மாணவருக்கு எதுவும் கிடைக்காது. நான் வந்த இரண்டாம் மாதமே அந்த அறையைத் திறந்து விடுவது என்று முடிவெடுத்து, ஒப்புதலும் வாங்கி, அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் திறப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அந்த அறையில் எது எங்கே இருக்கிறது என்று கேட்டால், "பட்டியலில் பாருங்கோ மிஸ்" என்பார். பட்டியலில் பாதிதான் இருந்தது, மீதி அவர் தலைக்குள் இருந்தது. மூன்று மாதத்தில் நானே அறையைத் திரும்பப் பூட்டினேன்.

பின்னாளில் ஒரு மழைக்காலத்தில், கூரை ஒழுகி எல்லோருமாகப் புத்தகம் காய வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் வாய் திறந்தார். 1996 இல் இடம்பெயர்ந்த இடத்தில் இருந்து திரும்பி வந்ததும் வீட்டைப் பார்க்கப் போகவில்லையாம், நேரே நூலகத்துக்கு வந்து நூல் சேர்க்கைப் பதிவேட்டைத்தான் தேடினாராம். பதிவேடு இருந்தால் எது போனது என்றாவது தெரியும், அதுவும் போனால் போனதுகூடத் தெரியாது என்றார். அந்த மனிதரிடம் நான் ஒரு அறிவித்தலை ஒட்டி, "இனி திறப்பு வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வருடம் திரும்பத் தொடங்கினோம். இம்முறை அவரையே பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு நூலாக எடுத்து, அவர் சொல்லச் சொல்லப் பட்டியலை நிரப்பினோம். நிரப்பிய தட்டுகளை மட்டும் திறந்து விட்டோம். எந்தத் தட்டு எப்போது திறப்பது என்று அவர்தான் சொன்னார். முழுவதும் திறக்க மூன்று வருடத்துக்கு மேல் எடுத்தது. இப்போது யோசித்தாலும் அதுதான் சரியான வேகம் என்று படுகிறது.

ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். பூட்டுக்குப் பின்னால் துக்கம் மட்டும் இருக்கவில்லை, கணக்காய்வும் இருக்கிறது. வருடாந்த இருப்பெடுப்பில் நூல் குறைந்தால் யார் பொறுப்பு என்று கேள்வி வரும். திறந்த தட்டில் நூல் தொலைவது நிச்சயம், உலகத்தில் எந்த நூலகத்திலும் தொலைகிறது. இதை ஊழியரின் தலையில் கட்டிவிட்டு, "ஏன் திறக்க மாட்டேன் என்கிறாய்" என்று கேட்பது நியாயமில்லை. ஆகவே நீங்கள் மாற்றம் எதையும் தொடங்குமுன், அதனால் வரக்கூடிய இழப்புக்கு நானே பொறுப்பு என்று எழுத்தில் கொடுங்கள், நூலகரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நான் கண்டவரையில் இந்த ஒரு தாள் பத்துப் பயிற்சிப் பட்டறையை விடக் கூடுதலாக வேலை செய்தது.

சீர்காழியில் பிறந்த, இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் பற்றிப் படித்திருப்பீர்கள். அவருடைய ஐந்து விதிகளை நேர்முகத் தேர்வுக்காகப் பாடமாக்கியும் வைத்திருப்பீர்கள். அவர் 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனபோது கணித ஆசிரியர். போன புதிதில் அந்த வேலை பிடிக்காமல், தான் முன்பு கற்பித்த மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிட நினைத்தவர். இலண்டனுக்குப் போய்ப் படித்து, அங்கே நூலகங்கள் நடக்கும் விதத்தைக் கண்ட பிறகுதான் மனம் மாறினார். நீங்கள் தயங்குவது உங்கள் குறை இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். "நூல்கள் பயன்பாட்டிற்கே" என்ற அவருடைய முதல் விதி இன்று கேட்கச் சாதாரணமாக இருக்கும். நூல்களைப் பயன்பாட்டில் இருந்து காப்பாற்றுவதே நூலகத்தின் வேலை என்று நினைத்த ஒரு காலத்தைப் பார்த்துச் சொன்ன விதி அது. திரும்பி வந்து அவர் செய்தது தட்டுகளைத் திறந்ததும், நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியதும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திட்டமிட்ட காலத்தில் அவரிடமும் ஆலோசனை கேட்டார்கள். அந்த முதல் விதி எங்கள் ஊருக்கு அவ்வளவு நெருக்கமாக வந்துபோனது. நெருப்புக்குப் பிறகு நாங்கள் அதில் இருந்து விலகிப் போனோம். உங்கள் தலைமுறையின் வேலை அதற்குத் திரும்பி வருவது என்று நான் நம்புகிறேன்.

காப்பாற்றுவதற்கும் கொடுப்பதற்கும் சண்டை இல்லை என்பதை எங்களுக்குக் காட்டித் தந்தது 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய, "நூலகம்" என்றே பெயர் கொண்ட எண்ணிம (டிஜிட்டல்) நூலகம். ஈழத்து வெளியீடுகளை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்தார்கள். ஒரு பிரதியைப் பூட்டி வைத்தால் ஒரு தீக்குச்சி போதும். நூறு கணினியில் இருக்கும் பிரதியை எந்தத் தீயும் முழுக்க அழிக்காது. அண்ணைக்கு நான் இதைச் சொன்னபோது நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப முதல்ல அந்தப் பழைய சஞ்சிகைக் கட்டை எடுங்கோ" என்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்து மறைந்த ஸ்ரீகாந்தலட்சுமி அருளானந்தம் நூலகவியலைத் தமிழிலேயே எழுதியவர். அவருடைய நூல்களையும் தேடி வாசியுங்கள். எங்கள் துறைச் சொற்கள் தமிழில் எப்படி நடக்கின்றன என்று அவற்றில் பார்க்கலாம்.

அப்புறம், பட்டியல். கேட்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் ஒரு இளம் உதவி நூலகர் உண்மையில் பெயர் எடுக்கக்கூடிய இடம் இதுதான், ஏனென்றால் இதை வெளிநாட்டில் இருந்து வரும் எந்த ஆலோசகராலும் எங்களுக்குச் செய்து தர முடியாது. அட்டைப் பட்டியலில் இருந்து கணினிக்கு மாறியபோது நாங்கள் தமிழ்த் தலைப்புகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பாமினிதான். சில வருடம் கழித்து ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாறிய கணினியில் திறந்தால், "அம்மா" என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நின்றது. பாமினி தமிழ் எழுத்தின் படத்தை ஆங்கில எழுத்துக்கு மேல் போர்த்தி வைத்திருந்தது, போர்வையை எடுத்ததும் அடியில் இருந்தது தெரிந்தது. மாற்றும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் ஒரே தலைப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தால் அவை தடுமாறும், ஆங்கிலச் சொல்லையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கண்ணால் பார்த்துத் திருத்தினோம். உங்கள் நூலகத்தில் பழைய தரவு இருந்தால் வேறு எதையும் தொடங்குமுன் இதைப் பாருங்கள்.

பெயர் இன்னொரு சிக்கல். பட்டியல் மென்பொருள்கள் குடும்பப் பெயர் உள்ளவர்களை நினைத்து எழுதப்பட்டவை. கடைசியில் வரும் சொல்லைத் தூக்கி முன்னால் வைக்கும். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். ஒரு பெண் எழுத்தாளர் தன் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைச் சேர்த்து எழுதினால், மென்பொருள் அவருடைய நூலைக் கணவர் பெயரின் கீழ் கொண்டுபோய் வைத்துவிடும். அவர் எழுதியதைத் தேடுபவர் அவரைக் காணமாட்டார். ஒரே ஆளின் நூல்கள் இப்படி மூன்று இடத்தில் சிதறிக் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன், புனைபெயரும் சேர்ந்தால் நான்கு. ஆங்கில எழுத்தில் தேடுவது இன்னும் மோசம். அனைத்துலக விதிப்படி "ழ" என்பதற்கு அடியில் கோடு போட்ட எழுத்து ஒன்று உண்டு. அதை எந்த மாணவர் தட்டச்சு செய்வார்? யாழ்ப்பாணம் என்பதை ஒருவர் இசட் எச் போட்டு எழுதுவார், ஒருவர் வெறும் எல் போட்டு எழுதுவார், ஒருவர் ஜஃப்னா என்றே அடிப்பார். இந்த மூன்று பேரையும் ஒரே நூலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு மாற்றுப் பெயர்க் கோவை ஒன்றை உருவாக்க வேண்டும். அதை உருவாக்கத் தமிழும் தெரிய வேண்டும், ஊரும் தெரிய வேண்டும், எழுதியவர்களையும் தெரிய வேண்டும். மாமா சொல்லும் "புத்தகம் அடுக்கிற வேலை" இதுதான்.

மென்பொருள் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். நூலகப் பட்டியலுக்கும் இரவலுக்குமான கோஹா இலவசம், 2000 ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் இருந்து வந்தது, மாவோரி மொழியில் "அன்பளிப்பு" என்று பொருள். ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் இணையத்தில் சேர்த்து வைக்கும் ஆய்வுக் களஞ்சியத்துக்கு டிஸ்பேஸ், அதுவும் இலவசம், 2002 இல் எம்ஐடியும் எச்பியும் சேர்ந்து வெளியிட்டது. இரண்டையும் ஒரு மாதத்தில் படித்துவிடலாம். களஞ்சியத்துக்கு ஆய்வேடு தரச் சொல்லி ஒரு பேராசிரியரைச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் ஒரு வருடம் போகும். என் கட்டுரையைத் திருடிவிடுவார்கள் என்பார்கள். அந்தப் பயத்துக்கும் மதிப்புக் கொடுங்கள், திருப்பி வாதாடாதீர்கள். திறந்து வைத்த ஒருவருடைய கட்டுரை எத்தனை தடவை தரவிறக்கப்பட்டது என்ற எண்ணிக்கையை மற்றவர்களுக்குக் காட்டுங்கள். எங்களிடம் அதுதான் எடுபட்டது.

இனி எனக்கே தீர்மானமில்லாத விடயங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் 220 இல் இருந்து 289 வரை முழுவதும் கிறிஸ்தவம். இந்து சமயம் முழுவதும் 294.5 என்ற ஒற்றை வாலுக்குள். தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 க்குள். எங்கள் தட்டுகளில் எண்கள் நூலின் முதுகைச் சுற்றிக்கொண்டு போகும் அளவுக்கு நீள்வது இதனால்தான். இதை உடைத்து உள்ளூருக்கு ஏற்ற எண் போட வேண்டும் என்று என் சக நூலகர்கள் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு குறைவு, ஏனென்றால் எண்ணை நாம் தனியாக மாற்றினால் மற்ற நூலகங்களின் பதிவை எடுத்துப் பயன்படுத்த முடியாமல் போகும். எண்ணை விட்டுவிட்டுத் தமிழில் நல்ல பொருட்தலைப்புகளைப் போடுவது மேல் என்பது என் கட்சி. ஆனால் இது முடிந்த வழக்கு இல்லை, நீங்கள் வேறு முடிவுக்கு வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அச்சு நூல்களைக் கழிப்பதும் அப்படித்தான். வெளிநாட்டுப் பாடநூலின் பழைய பதிப்பைக் கழிக்கலாம். யாழ்ப்பாணத்தில் அச்சான எதையும், அது ஒரு கோயில் மலராக இருந்தாலும் கல்வெட்டாக இருந்தாலும், கழிக்கக் கூடாது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் கல்வெட்டில் இருக்கும் வம்சாவளியும் ஊர்ச் செய்தியும் வேறு எந்த நூலிலும் கிடையாது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, நூலகர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அது எழுதித் தந்த உசாத்துணைப் பட்டியலை எடுத்துக்கொண்டு, உலகத்தில் இல்லாத நூலைத் தேடி மாணவர்கள் இப்போது மேசைக்கு வருகிறார்கள். அந்த நூல் இல்லை என்று சொல்லவும், அவருக்கு உண்மையில் தேவையான நூல் எது என்று காட்டவும் ஒரு ஆள் வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விரிவுரையாளர்களில் சிலர் உங்களைத் தங்களுக்குச் சமமாக நினைக்க மாட்டார்கள். கல்விசாரா ஊழியர்கள் உங்களைத் தங்கள் ஆள் என்றும் நினைக்க மாட்டார்கள். முதல் ஐந்து வருடம் இரண்டுக்கும் நடுவில் நிற்பது போலத்தான் இருக்கும். எனக்கு அது வலித்தது. மேசையில் நின்ற நாட்களில் மட்டும் அந்த வலி தெரியவில்லை. ஆகவே சிரேஷ்ட உதவி நூலகரான பிறகும் கிழமைக்கு ஒரு பின்நேரமாவது இரவல் மேசையில் நிற்பேன் என்று எடுத்த முடிவை நான் கடைசி வரை கைவிடவில்லை.

நேர்முகத் தேர்வுக்கு நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது தங்கச்சி. ஒரு நாள் காலை பத்து மணிக்கு இப்போது வேலை செய்யும் நூலகத்திலேயே இரவல் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் உட்காருங்கள். எத்தனை பேர் கேட்டது கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நூல் இல்லையா, இருந்தும் தட்டில் இல்லையா, தட்டில் இருந்தும் பட்டியலில் வேறு பெயரில் இருந்ததா, பூட்டிய அறையில் இருந்ததா? தேர்வுக் குழு "நூலகத்தில் என்ன மாற்றம் செய்வீர்கள்?" என்று கேட்கும், அநேகமாகக் கேட்டே தீரும். அப்போது அந்தக் கொப்பியில் இருப்பதைச் சொல்லுங்கள்.